பாட்டிலில் ஒட்டியிருந்தது

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கரை அலுவலகத்தின் மாடி அறையில் கூடியிருந்தவர்கள்: மேசையின் தலைப்பக்கம், சன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, மேலாளர். அவருக்கு வலப்பக்கம், கடலில் நிற்கும் எண்ணெய் மேடையின் பொறுப்பாளர். ஆயுளில் ஒரு கப்பலையும் ஓட்டாதவர், ஆனாலும் எல்லோருக்கும் அவர் கேப்டன். இடப்பக்கம், தண்ணீரைச் சுத்தம் செய்யும் ரசாயனத்தை விற்கும் நிறுவனத்தின் ஆள். ரசாயனத்தை எங்கள் ஆட்கள் மருந்து என்று சொல்வதால் அவர் மருந்துக்காரர். கேப்டனை அடுத்து ஒரு நாற்காலி காலி. அதற்கும் அப்பால், கதவோரம், என் தம்பி. அவனுக்கு நேர் எதிரே, குறிப்பேடும் பேனாவுமாக நான். தேநீர் கொடுத்து முடித்த பிறகும் போகாமல், வெறும் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கதவுநிலையில் நின்றவர் நுரையக்கா. என் ஆய்வகத்தில் பாட்டில் கழுவுபவர்.

கூட்டக் குறிப்பில் நுரையக்காவைச் சேர்க்கும் வழக்கம் இல்லை. இங்கே சேர்க்கிறேன். அன்றைக்கு அந்த அறையில் உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான், மற்றவர் அவர்.

விசாரணை என் தம்பியைப் பற்றியது. கிணற்றிலிருந்து எண்ணெய் தனியாக வருவதில்லை, தண்ணீரோடு வரும். கிணறு பழசாக ஆக எண்ணெய் குறையும், தண்ணீர் கூடும். எங்கள் கிணறுகளில் பத்துப் பீப்பாய் மேலே வந்தால் எட்டுப் பீப்பாய் தண்ணீர்தான். அதை மேடையிலேயே சுத்தம் செய்து கடலில் விடவேண்டும். சுழல் குழாய்களில் சுற்றவிட்டு, மருந்து சேர்த்து, மிதவைத் தொட்டியில் அடியிலிருந்து வாயுக் குமிழி விட்டால், எண்ணெய் நுரையோடு மேலே ஏறும். நுரையை வழித்துவிட்டுக் கீழே நிற்பதைத் திறந்துவிடலாம். திறந்துவிடும் தண்ணீரில் லிட்டருக்கு முப்பது மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது என்பது சட்டம். அந்தத் தொட்டியைப் பதினொரு வருடமாக ஓட்டுபவன் என் தம்பி. அந்தத் தண்ணீரைப் பதினொரு வருடமாக அளப்பவள் நான்.

அவன் தண்ணீர் பத்தொன்பதில் நிற்கும். ஒரு நாள் பதினெட்டு, ஒரு நாள் இருபது என்று ஆடினாலும் மாதச் சராசரி பத்தொன்பது. மேடையில் அவனுக்குப் பெயரே அதுதான். "பத்தொன்பதைக் கூப்பிடு" என்பார்கள். "பத்தொன்பது சாப்பிட்டாச்சா?" என்பார்கள். இந்த மாதம் முதல் தேதி அவன் தண்ணீர் நாற்பத்தொன்று. மறுநாள் முப்பத்தொன்பது. அதற்கடுத்த நாள் நாற்பத்திரண்டு. பன்னிரண்டு நாளில் ஒரு பாட்டில்கூட முப்பதுக்குக் கீழே இறங்கவில்லை. பதின்மூன்றாம் நாள் அவனைப் படகேற்றிக் கரைக்கு அனுப்பிவிட்டார்கள்.

"எங்க மருந்து மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது சார்" என்று மருந்துக்காரர் ஆரம்பித்தார். "ஒரே சரக்கு, ஒரே பீப்பாய். ஊத்துற கைதான் மாறியிருக்கணும்."

"கை எங்க மாறிச்சு? அதே கைதான்" என்றார் கேப்டன். "பேரு வச்சுத் தலையில தூக்கி வச்சு ஆடினோம்ல, கனம் தாங்கல."

மேலாளர் தம்பியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

"வழக்கம்போலதான் சார் ஓட்டினேன்."

"வழக்கம்போல ஓட்டினா நாப்பத்தொண்ணு எப்படி வரும்?"

"அதான் சார் எனக்கும் புரியல. நான் இறங்கி ரெண்டு நாளாச்சு. இப்பவும் நாப்பதுக்குக் குறையலையே?"

"காய்ச்சல்காரன் டாக்டரைப் பார்த்த அன்னைக்கே எழுந்து ஓடுவானா?" என்றார் கேப்டன். "நீ கெடுத்து வச்ச தொட்டி. அது தேற ஒரு வாரம் ஆகும்."

மருந்துக்காரர் சிரித்தார். தம்பி தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலாளர் என் பக்கம் திரும்பினார்.

"லேப்ல எதுவும் மாறலையே? அதே முறைதானே?"

அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அதற்கான பதிலைக் காலையிலேயே ஒரு வாக்கியமாக எழுதிக் கோப்புக்குள் வைத்திருந்தேன்: முதல் தேதியிலிருந்து முறையை மாற்றியிருக்கிறேன், முன்பு செய்ததுதான் தவறு. கோப்பு என் மடியில் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"அதே முறைதான் சார்."

"அக்கா நம்பர் தப்பாகாது சார்" என்று தம்பி அவசரமாகச் சொன்னான். அந்தக் கூட்டத்தில் அவன் குரல் உயர்ந்தது அப்போது மட்டும்தான். "அதைப் பத்திப் பேச வேணாம்."

கதவோரம் தட்டு ஒருமுறை நிலையில் மோதிச் சத்தம் கேட்டது. நான் தலை நிமிரவில்லை. குறிப்பேட்டில் எழுதினேன்: ஆய்வக முறையில் மாற்றம் ஏதுமில்லை எனத் தெரிவிக்கப்பட்டது. யார் தெரிவித்தார் என்று எழுதவில்லை.

முடிவு இது: திங்கட்கிழமைக்குள் தம்பி எழுத்தில் விளக்கம் தரவேண்டும். அதைப் பார்த்த பிறகு அவனுடைய ஆபரேட்டர் சான்றிதழை ரத்து செய்வதா என்று தீர்மானிக்கப்படும். சான்றிதழ் போனால் இந்த மேடையில் மட்டுமல்ல, எந்த மேடையிலும் அவன் ஒரு வால்வைத் தொட முடியாது. அவனுக்கு வேறு தொழில் தெரியாது. வயது நாற்பத்தாறு.

மூன்றே முக்காலுக்குக் கூட்டம் கலைந்தது.

என் ஆய்வகம் தரைத்தளத்தில், சரக்கறைக்குப் பின்னால். ஒரு சன்னல், இரண்டு மேசை, ஒரு தொட்டி. மேடையிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு கண்ணாடிப் பாட்டில் என்று படகில் வரும். பாட்டிலில் உள்ள தண்ணீரைப் பிரிபுனலில் ஊற்றி, அதில் கரைப்பான் சேர்த்துக் குலுக்கினால், தண்ணீரில் இருக்கும் எண்ணெய் கரைப்பானுக்குள் போய்விடும். கரைப்பானை மட்டும் கீழே வடித்துக் கருவியில் வைத்தால் எண் காட்டும். இதுதான் வேலை. இடையில் ஒரு படி இருக்கிறது. காலியான பாட்டிலுக்குள்ளும் கொஞ்சம் கரைப்பானை விட்டு அலசி, அந்த அலசலையும் புனலிலேயே சேர்க்கவேண்டும். எண்ணெய்க்குத் தண்ணீரைவிடக் கண்ணாடி பிடிக்கும். படகில் வரும் ஒன்றரை நாளில் பாதி எண்ணெய் தண்ணீரை விட்டுவிட்டுப் பாட்டில் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு முன்னால் இருந்தவர் அந்தப் படியை விட்டிருந்தார். ஏதோ ஒரு வருடம் நான்கு மாதம் கரைப்பான் வரவில்லை, இருந்ததைச் சிக்கனமாக வைத்து ஓட்டியிருக்கிறார். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் சிக்கனம் கையில் தங்கிவிட்டது. நான் சேர்ந்தபோது, "பார்த்துப் பழகிக்கம்மா, புத்தகத்தைப் படிச்சா குழப்பம்தான் வரும்" என்றார். எதையும் ஒளிக்கவில்லை, அவருக்கே மறந்துபோயிருந்தது. நானும் பார்த்துப் பழகினேன். செய்முறைப் புத்தகத்துக்குக் காக்கி அட்டை போட்டேன், லேபிள் ஒட்டினேன், அலமாரியில் வைத்தேன். திறக்கவில்லை.

நுரையக்கா மட்டும் வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். "உன் தண்ணி சுத்தம்ங்கிற டீச்சர். என் கை மட்டும் எண்ணெய்ச் சட்டி தேய்ச்ச கை மாதிரி வழவழங்குதே, அது எந்தக் கணக்கு?" என்பார். "சோப்பை மாத்துங்கக்கா" என்பேன் நான். இது எங்களுக்குள் ஒரு வேடிக்கை. பதினொரு வருடம் சிரித்தோம்.

போன மாதக் கடைசியில் மகளின் பிரசவத்துக்காக அவர் மூன்று நாள் விடுப்பில் போனார். ஆறு பாட்டில் சேர்ந்துவிட்டது. சரி, நாமே கழுவிவிடலாம் என்று தொட்டியில் இறக்கினேன். முதல் பாட்டிலுக்குள் விரலை விட்டதும் எண்ணெய் வழவழத்தது. முகர்ந்து பார்த்தேன். கையைத் துடைத்துவிட்டு அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். விட்டுப்போன படி நான்காம் பக்கத்திலேயே இருந்தது.

முதல் தேதியிலிருந்து பாட்டிலை அலசிச் சேர்த்தேன். நாற்பத்தொன்று வந்தது. ஒரு மாத அளவைச் சேர்த்து, அட்டவணை போட்டு, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒழுங்காக ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். எதையும் அரைகுறையாகக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் தினசரித் தாளில் எண்ணை மட்டும் போட்டேன், காரணம் போடவில்லை. என் தாள் மேலே போனது. மேலே இருப்பவர்கள் எண்ணைப் பார்த்தார்கள். எண்ணுக்குப் பின்னால் தம்பியைத்தான் பார்த்தார்கள். இது நடக்கும் என்பதைப் பதின்மூன்றாம் நாள் அவனைப் படகேற்றிய செய்தி வரும்வரை நான் யோசிக்கவே இல்லை.

கூட்டம் முடிந்து கீழே வந்தபோது நுரையக்கா தொட்டியருகே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குழாயைத் திறக்கவில்லை.

"ஏன் டீச்சர், அதே முறைன்னா சொன்ன?"

நான் கோப்பை மேசைமேல் வைத்தேன்.

"இந்த மாசம் என் கையில ஒட்டல. பாட்டில் பளிங்கு மாதிரி வருது. சோப்புக் கம்பெனிக்காரன் திருந்திட்டான் போலன்னு நினைச்சேன்" என்றார். "இன்னைக்கு உன் தம்பி மூஞ்சியைப் பார்த்தப்பதான் எனக்கு உறைச்சுது."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

"நான் சொல்லி? பாட்டில் கழுவுறவ பேச்சை எவன் எழுதிக்கப் போறான்? எழுதுறவ நீதானே." எழுந்து குழாயைத் திறந்தார்.

தம்பியின் வீடு மூன்றாம் மாடியில். இரும்புப் படிக்கட்டு, வளைவுக்கு வளைவு யாரோ ஒருவருடைய சைக்கிள். மாலை ஐந்தரைக்குப் போனேன். அவன் மேடைக்கு எடுத்துப்போகும் நீலப் பை இன்னும் பிரிக்காமல் செருப்பு அலமாரிமேல் கிடந்தது. தம்பி மனைவி கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. உங்க தம்பி பரீட்சை எழுதுறார். நாலு பேப்பர் கிழிச்சாச்சு, அஞ்சாவது ஓடுது."

"இனிமே கிழிக்க மாட்டேன். அக்கா வந்தாச்சுல்ல, நூத்துக்கு நூறுதான்" என்றான் தம்பி. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். முகச்சவரம் செய்யவில்லை. மூக்கில் கண்ணாடி புதிதாக இருந்தது. "அனுப்புநர், பெறுநர் எல்லாம் சரியாப் போட்டிருக்கேன். பொருள்ல என்ன எழுதுறதுன்னுதான் தெரியல. நீ பார்த்துச் சரிபண்ணி, உன் கையெழுத்துல ஒரு பிரதி எடுத்துக் குடுத்துடு. கையெழுத்து மட்டும் நான் போட்டுக்கிறேன்."

வாங்கிப் படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட விடுப்பு விண்ணப்பம் முதல் எல்லாமே என் கையெழுத்தில் போனவைதான், அதனால் அவன் கேட்டதில் புதிதாக ஒன்றுமில்லை. தாளில் எழுதியிருந்தது: இம்மாதம் மூன்றாம் தேதி மருந்து பம்பின் திருகைக் கால் சுற்றுக் குறைத்துவிட்டேன், என்னுடைய கவனக்குறைவுதான் இதற்கு முழுக் காரணம், எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.

"இது நடந்ததாடா?"

"திருகைத் தொட்டது நெஜம். தொடாத நாள் ஏது?"

"மூணாம் தேதி திருகினா ஒண்ணாம் தேதி எப்படிடா கூடும்?"

அவன் தாளை வாங்கி ஒருமுறை பார்த்தான். "அப்போ போன மாசக் கடைசியா இருக்கும். தேதி எனக்குச் சரியா ஞாபகம் இல்லக்கா. முப்பதுன்னு மாத்திடு."

"ஞாபகம் இல்லாததை எதுக்கு எழுதுற?"

"நான்தான் செஞ்சிருக்கணும், வேற யாரு? உன் நம்பர் பொய் சொல்லுமா?" கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். "எனக்கே என் மேல ரெண்டு வருஷமா சந்தேகம்தான். தண்ணி வெளிய போற குழாய் பக்கத்துல மேடையோட கால் இருக்குல்ல, அதுல சிப்பி பிடிக்கிறதே நின்னுபோச்சு. ஒண்ணு ரெண்டு இருக்கிறதைப் பேர்த்துப் பார்த்தா உள்ள சதையே இருக்காது. சாயங்கால வெயில்ல தண்ணி மேல ஒரு பளபளப்பு தெரியும், வால் மாதிரி நீளமா. கேப்டன்கிட்ட சொன்னேன். 'பத்தொன்பதுல எங்கடா பளபளப்பு? போய்க் கண்ணைக் காட்டு'ன்னார். கண் டாக்டர்கிட்ட போனேன். வயசாச்சு, கண்ணாடி போடுங்கன்னார். போட்டுக்கிட்டேன்."

"கண்ணாடி போட்ட பிறகும் தெரியுதாம்" என்றாள் தம்பி மனைவி, மடிப்பிலிருந்து தலையெடுக்காமல். "அதுக்கு அவரே கண்டுபிடிச்சார், கண்ணாடியில அழுக்காம்."

அவன் சிரித்தான். என்னால் முடியவில்லை. உட்காராமல் நின்றபடியே சொல்லிவிட்டேன். பாட்டில், கரைப்பான், காக்கி அட்டை, முதல் தேதி எல்லாவற்றையும். வரிசை தப்பாமல் சொன்னேன். அதிலும் எனக்கு வெட்கமாக இருந்தது.

தம்பி தாளை மேசையில் குப்புற வைத்தான்.

"அப்போ பத்தொன்பது?"

"இல்ல."

"எப்பவுமேவா?"

"நாப்பதுக்குப் பக்கத்துலதான் இருந்திருக்கும். ஆரம்பத்துலேர்ந்தே."

"நான் ஒழுங்காத்தான் ஓட்டினேனா?"

"நீ ஒழுங்காத்தான் ஓட்டின. தொட்டியால அவ்வளவுதான் முடியும். அது உன் தப்பு இல்ல."

"என் தப்பு இல்ல" என்றான். அதில் ஆறுதல் எதுவும் தெரியவில்லை. "பதினோரு வருஷம்க்கா. தினமும் நான்தான் என் கையால திறந்தேன். பத்தொன்பதுதானேன்னு நிம்மதியா திறந்தேன். பொண்ணு பார்க்கப் போன இடத்துல மாப்பிள்ளை என்ன வேலைன்னு கேட்டாங்களே, கடலைச் சுத்தமா வச்சுக்கிற வேலைன்னு நீதானே சொன்ன?"

நான்தான் சொன்னேன். தம்பி மனைவி துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவளிடம் கோபத்தை எதிர்பார்த்திருந்தேன், ஆனால் குரல் தாழ்ந்துதான் வந்தது.

"மூணு மணிக்கு இந்த வாய் எங்க போச்சு அண்ணி? அவர் எதிர்லதானே உட்கார்ந்திருந்தீங்க?"

என் கண் மேசைமேல் கிடந்த அவன் கண்ணாடிக்குப் போனது.

"உங்களைக் காப்பாத்தப் பேசினாராமே. வந்ததும் அதைத்தான் சொன்னார். 'அக்காவை இதுல இழுத்துடுவாங்களோன்னு பயந்தேன், நல்லவேளை'ன்னார்." தாளை எடுத்து நான்காக மடித்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். "இதை நான் வச்சுக்கிறேன். நாளைக்குக் காலையிலயே போய் நெஜத்தைச் சொல்லுங்க. சாப்பிட்டுட்டுப் போங்கன்னு சொல்லணும், இன்னைக்கு எனக்கு மனசு வரல."

இரும்புப் படிகளில் இறங்கி வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு மேலாளரின் அறையில் நானும் அவரும் மட்டும். நான் முழுவதையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"போன வருஷம் ரெண்டாவது வெளியேத்துக் குழாய்க்கு அனுமதி வாங்கினோமே, ஞாபகம் இருக்கா? எதை வச்சு வாங்கினோம்?"

"என் அட்டவணையை வச்சு சார்."

"பத்து வருஷ அட்டவணை. கண்காணிப்பு அலுவலகத்துல அதைப் பார்த்துப் பாராட்டி எழுதினாங்க. அதுக்கப்புறம்தான் தண்ணி ரெட்டிப்பாச்சு. இப்ப நீங்க போய் அவங்க கதவைத் தட்டினா, மேடை நிக்கும். எம்பது பேர் வேலை நிக்கும். உங்க தம்பி அதுல ஒருத்தர்."

"தெரியும் சார்."

"அதனால ஒண்ணு செய்யுங்க. பழைய முறைக்கே திரும்பிடுங்க. அடுத்த வாரம் பத்தொன்பது வந்துடும். உங்க தம்பியை திங்கட்கிழமை படகுலயே ஏத்திவிடுறேன், விளக்கமும் வேணாம், ஒண்ணும் வேணாம். பம்பு கோளாறு, சரிபண்ணியாச்சுன்னு நானே முடிச்சுடுறேன். புதுத் தொட்டிக்கு அடுத்த வருஷத் திட்டத்துல எழுதிப் பார்ப்போம்."

"பாட்டில்ல ஒட்டுறது சார்?"

"அந்தம்மா சோப்புப் போட்டுக் கழுவட்டும். பதினோரு வருஷமா கழுவலையா?"

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஒரு சிக்கலை எளிதாக அவிழ்த்துவிட்ட முகம். நான் கிளம்பும்போது, "நல்லா யோசிங்க" என்று மட்டும் சொன்னார்.

தம்பி அலுவலக வாசலுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து மேலாளர் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு பேருந்து வந்து நின்றது. நடத்துநர் எங்களைப் பார்த்தார், நாங்கள் ஏறவில்லை என்றதும் விசில் ஊதினார்.

"திங்கட்கிழமை ஏறிட்டா?" என்று கேட்டான்.

"நீ திறப்ப. நான் பத்தொன்பதுன்னு எழுதுவேன்."

"நீ எழுதுவியா?"

"நீ திறப்பியா?"

அடுத்த பேருந்தும் வந்து போனது. நான் அவனை வற்புறுத்தவில்லை. நேற்று நான் பேசாமல் இருந்ததற்கு இன்று அவனிடம் வீரத்தைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

"தெரியாம திறந்தது வேற" என்றான் கடைசியில். "நான் அங்க போய் அந்த வால்வு முன்னாடி நின்னா, கை வராதுக்கா. கேப்டன் கத்துவார். அப்பவும் வராது." பிறகு, "எழுதுறதா இருந்தா நம்பரோட நிறுத்தாத. சிப்பியையும் எழுது. அந்தப் பளபளப்பையும் எழுது. பார்த்தவன் நான்தான்னு போடு."

"உன்னையும் சேர்த்து உட்கார வச்சுடுவாங்கடா. சான்றிதழ் இருந்தும் மேடை இருக்காது."

"இருக்காதுதான். மத்தவங்க நம்மளைப் பார்த்துக் காறித் துப்புவாங்க, அதுவும் நடக்கும்." எழுந்தான். "அவகிட்ட நான் சொல்லிக்கிறேன். திட்டுவா. திட்டட்டும்."

பன்னிரண்டு மணிக்கு ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். பெறுநர், கடல் மாசுக் கண்காணிப்பு அலுவலகம். மேலாளருக்கு ஒரு நகல். பொருள் என்ற இடத்தில்: பதினொரு ஆண்டுகளாக என்னால் தவறாக அளக்கப்பட்ட கழிவுநீர் குறித்து. விட்டுப்போன படியை விளக்கினேன். பழைய அளவும் புதிய அளவும் அட்டவணையாகப் போட்டேன். வியாழக்கிழமைக் கூட்டத்தில் முறை மாறவில்லை என்று நான் சொன்னது பொய் என்று எழுதினேன், கூட்டக் குறிப்பைத் திருத்திக்கொள்ளும்படியும் கேட்டேன். தம்பி கண்டதை அவன் சொன்ன சொற்களிலேயே எழுதி, அடியில் அவன் பெயரும் பதவியும் போட்டேன். அவன் தொட்டியை ஓட்டியதில் குறை இல்லை, தொட்டி போதவில்லை என்று ஒரு பத்தி.

பிறகு கணக்கு. லிட்டருக்கு இருபத்திரண்டு மில்லிகிராம் என் தாளில் வராமல் போயிருக்கிறது. முதல் பத்து வருடம் நாளொன்றுக்கு ஐயாயிரம் கனமீட்டர் தண்ணீர், போன வருடம் பத்தாயிரம். பெருக்க ஆரம்பித்து நடுவில் நிறுத்திவிட்டேன். எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து மறுபடி பெருக்கினேன். ஏறத்தாழ நானூற்றெண்பது டன் எண்ணெய். அதுவும் எழுத்தில் இல்லாமல் போனது மட்டும்தான், எழுத்தில் இருந்த பத்தொன்பது தனி. எண்ணாலும் எழுத்தாலும் எழுதினேன். கடலிலிருந்து இதைத் திரும்ப எடுக்க வழி ஏதும் உண்டா என்று கேட்டு ஒரு வரி எழுதினேன். அந்த வரி எந்தப் பத்தியிலும் பொருந்தவில்லை. அடித்துவிட்டு மறுபிரதி எடுத்தேன்.

நுரையக்கா ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். "என் கையைப் பத்தி எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கேன்க்கா. மூணாம் பத்தியில."

"எழுதுனது சரி. ரொம்ப நாள் ஆக்கிட்ட டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நகலை மேலாளரின் மேசைமேல் வைத்தேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். மூன்றே காலுக்குத் தபால் அலுவலகம் போனேன். உறையின் மடிப்பில் பசை தடவி, விரலால் மூன்று முறை அழுத்தினேன். பதிவுத் தபால் சன்னலில் இருந்த எழுத்தர் எடை பார்த்தார், முத்திரை குத்தினார், ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். உறையைப் பின்னால் தொங்கிய பைக்குள் போட்டார்.

"இனிமே திருப்பி வாங்க முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "வண்டி ஏறுறவரைக்கும் முடியும்மா. ஒரு படிவம் எழுதித் தரணும். அஞ்சு நிமிஷம் இருக்கு."

படிவம் சன்னலிலேயே நூலில் கோத்துத் தொங்கியது. எனக்கு அடுத்தாற்போல் நின்றவருக்கு வழிவிட்டு, சுவரோரம் போய் நின்றேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே தம்பி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவன் உள்ளே வரவில்லை, நான் வெளியே போகவில்லை. எழுத்தர் பையின் வாயைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி அரக்கு வைத்தார். ஓர் ஆள் வந்து அதைத் தோளில் ஏற்றிக் கொல்லைக் கதவு வழியாகக் கொண்டுபோனான். வண்டிக் கதவு சாத்தப்பட்டது. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.